ஆச்சியின் குல்பியை விற்பனைக்குக் கொண்டுவருவது எப்படி: தராசிலிருந்து முதல் பெட்டி வரை முழு வழிகாட்டி

எங்கள் தாத்தா பாளையங்கோட்டையில் சைக்கிள் பெட்டியில் பால் ஐஸும் சேமியா ஐஸும் விற்றவர். வீட்டில் பாலைக் காய்ச்சிக் கொடுத்தது ஆச்சி. அந்தக் கதையை இங்கே நீட்டப்போவதில்லை. அதே பக்குவத்தை வைத்து நான் இப்போது மூன்று வகை விற்கிறேன்: ஏலக்காய் குல்பி, கருப்பட்டி குல்பி, சேமியா ஐஸ்.

தொடங்கும்போது நான் செய்த தப்புகளும், என்னிடம் கேட்டுவிட்டுப் போய்த் தொடங்கிய ஏழெட்டுப் பேர் செய்த தப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். முதலில் ஃப்ரீசர், அப்புறம் லோகோ, அப்புறம் இன்ஸ்டாகிராம் பக்கம், எல்லாம் முடிந்த பிறகுதான் "ஆச்சி, சீனி எவ்வளவு போடணும்?" என்ற கேள்வியே வருகிறது. ஒரு தம்பி பழைய குச்சி ஐஸ் மெஷின் ஒன்றைக் கடன் வாங்கி வீட்டில் இறக்கிவிட்டு, ஐந்து மாதம் கழித்துத்தான் விற்கிற மாதிரி ஒரு குச்சி எடுத்தார். அந்த ஐந்து மாதமும் வட்டி ஓடியது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் வாங்க வேண்டியது தராசு

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று, பாலுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று, ஃப்ரீசருக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று, பத்து குச்சி அச்சு, ஒரு நோட்டு. இவ்வளவுதான். வீட்டு ஃப்ரிட்ஜே இப்போதைக்குப் போதும்.

ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பகுதி மைனஸ் 18 டிகிரிக்குப் போகாதே என்று யாராவது சொல்வார்கள். பல ஃப்ரிட்ஜ்களில் உண்மைதான். ஆனால் இப்போது நாம் செய்யப்போவது விற்பனைச் சரக்கு இல்லை, அளவு பிடிக்கிற வேலை. அதற்கு அது தாங்கும். அளவு நிலைப்பதற்கு முன்னால் பெரிய ஃப்ரீசர் வாங்கினால், காலியான பெட்டிக்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2. ஆச்சியின் கையை கிராமுக்கு மாற்றுங்கள்

இதுதான் மொத்த வேலையிலும் பொறுமை அதிகம் வேண்டிய இடம். ஆச்சியோ அம்மாவோ அத்தையோ, யாருடைய பக்குவமோ அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "ஒரு கை", "பார்த்துப் போடு", "வாசம் வரும்ல, அப்ப இறக்கு" என்றுதான் பதில் வரும், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. கையில் அளவுக் கப்பைத் திணித்தாலும் வேலைக்காகாது, கப்பைப் பார்த்ததும் அவர்கள் கை மாறிவிடும்.

நான் செய்தது இது. சீனி டப்பாவை அவர்கள் தொடுவதற்கு முன் ஒருமுறை எடை போட்டேன், தொட்ட பிறகு ஒருமுறை எடை போட்டேன். வித்தியாசம்தான் அவர்கள் போட்ட அளவு. ஏலக்காய் டப்பாவுக்கும் அதே. காலிச் சட்டியின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். ஆச்சி "போதும், இறக்கு" என்று சொன்ன அந்த நொடியில் சட்டியோடு தூக்கித் தராசில் வைத்தேன். காலிச் சட்டியைக் கழித்தால் பால் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்பது கிராமில் வந்துவிடும். "திக்காகும் வரை" என்ற சொல்லுக்கு ஒரே உறுதியான பொருள் எடைதான்.

இதை மூன்று தடவை, மூன்று நாளில் செய்யுங்கள். மூன்றும் வேறு வேறாக வரும். எனக்குச் சீனி மட்டுமே லிட்டருக்கு 65 கிராமிலிருந்து 95 கிராம் வரை ஆடியது. சராசரி எடுக்காதீர்கள். மூன்றையும் உறைய வைத்து, எது எந்த நாள் என்று சொல்லாமல் ஆச்சிக்கே கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சூடாக ருசி பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், சட்டியில் சரியாக இருக்கிற இனிப்பு குச்சியில் சப்பென்று இருக்கும். ருசி பார்ப்பதென்றால் உறைந்த பிறகுதான்.

3. எந்தப் பால் என்று முடிவு செய்யுங்கள்

முதல் ஆறு மாதத்துக்கு பாக்கெட் பால்தான் என் பரிந்துரை. பால்காரர் பாலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதன் கொழுப்பு நாளுக்கு நாள் மாறும், பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டர் கொழுப்பைக் காட்டாது, அப்புறம் குச்சி ஒரு நாள் வெண்ணெய் மாதிரியும் ஒரு நாள் ஐஸ்கட்டி மாதிரியும் வந்தால் காரணம் பாலா, அடுப்பா, ஃப்ரீசரா என்று கண்டுபிடிக்க முடியாது. பாக்கெட்டில் அளவு அச்சடித்திருக்கும். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் என்றால் கொழுப்பு 6 சதவீதம், பச்சை 4.5, நீலம் 3.

இது ருசிக் கணக்கு மட்டுமில்லை, சட்டக் கணக்கும். உறையில் குல்பி என்றோ ஐஸ்கிரீம் என்றோ எழுத வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதமும், மொத்தத் திடப்பொருள் குறைந்தது 36 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால் சுமார் 1030 கிராம், அதில் கொழுப்பு சுமார் 62 கிராம். அதை 500 கிராமாகச் சுண்டவைத்து 80 கிராம் சீனி சேர்த்தால் 580 கிராம். 62-ஐ 580-ஆல் வகுத்தால் பத்தரை சதவீதத்துக்குச் சற்று மேல். திடப்பொருள் 40 சதவீதம். தேறிவிட்டது. இதே கணக்கை பச்சை பாக்கெட்டுக்குப் போட்டால் 8 சதவீதத்தில் நிற்கும், கிரீம் சேர்த்தால்தான் தேறும்.

"அப்படியென்றால் இன்னும் சுண்டவைத்தால் போதுமே" என்று தோன்றும். நானும் 350 கிராம் வரை இறக்கிப் பார்த்தேன். முதல் நாள் அமிர்தம். ஒரு வாரம் கழித்து நாக்கில் மணல் மாதிரி நறநறவென்றது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் அளவுக்கு மேல் செறிந்தால் உறைந்து கிடக்கும்போது படிகமாகிவிடும், அதுதான் அந்த மணல். பால் பவுடரை அள்ளிப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

4. காய்ச்சுங்கள், உடனே குளிர வையுங்கள்

அகலமான, அடி கனத்த உருளியில் காய்ச்சுங்கள். வாய் அகலமாக இருந்தால் நீராவி சீக்கிரம் போகும், அடிபிடிக்கும் நேரம் குறையும். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள், குல்பியில் பல்லுக்குத் தட்டுப்படும் அந்தச் சிறு சிறு துணுக்குகள் அதுதான். ஒரு இடத்தில் அடிபிடித்தாலும் அந்தச் சட்டி முழுவதும் தீய்ந்த வாடை ஏறிவிடும். ஏலக்காயால் அதை மறைக்க முடியாது, மறைக்கப் பார்த்தவர்களைத் தெரியும்.

சீனியைக் கடைசியில் போடுங்கள். முன்னாடியே போட்டால் அடிபிடிப்பது அதிகமாகும், நிறமும் கறுக்கும். ஏலக்காயை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதிக்கும் பாலில் போட்டால் வாசம் வீட்டுக்கு, குல்பிக்கு இல்லை.

இறக்கியதும்தான் ஆபத்தான நேரம். சட்டியை மூடி அடுப்படியிலேயே ராத்திரி முழுக்க ஆற விடுவது வீட்டுப் பழக்கம். வீட்டில் ஐந்து பேர் சாப்பிடும்போது அது கேள்வியில்லாமல் போய்விடும். ஐநூறு பேர் சாப்பிடும்போது போகாது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் பால் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரமும் கிருமி பெருகும், உறைய வைத்தாலும் அது சாகாது, தூங்கத்தான் செய்யும். அதனால் சட்டியை ஐஸ் தண்ணீர் நிறைந்த தொட்டியில் இறக்கி, கிளறிக்கொண்டே இருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் கொண்டு போய்விடுங்கள். அந்த ஐஸ் தண்ணீர் ஒரு துளிகூட பாலுக்குள் தெறிக்கக் கூடாது. ஐஸ் கம்பெனியிலிருந்து வரும் பாளம் மீனுக்கும் போகிற பாளம்.

ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி. கொழுப்பு இறுகி, கலவை கொஞ்சம் கெட்டியாகும், உறையும்போது ஐஸ் துகள் சின்னதாக வரும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேராக அச்சில் ஊற்றுகிறவர்கள்தான் "ஆச்சி செஞ்சா வர்ற வழுவழுப்பு வரலையே" என்று கேட்கிறார்கள்.

5. கருப்பட்டி போடுகிறவர்களுக்குத் தனியாக

எங்கள் பக்கத்தில் குல்பி தொடங்குகிறேன் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கருப்பட்டிதான் ஆசை. உடன்குடி கருப்பட்டி என்று எழுதினால் வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பார், சரி. ஆனால் அப்படி எழுதினால் அது உடன்குடிக் கருப்பட்டியாகவே இருக்க வேண்டும், சீனிப்பாகு கலந்ததை வாங்கிவிட்டு எழுதாதீர்கள்.

கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போடாதீர்கள், திரிந்துவிடும். கருப்பட்டியில் கொஞ்சம் புளிப்பு உண்டு, சூடும் புளிப்பும் சேர்ந்தால் பால் தாங்காது. கருப்பட்டியைத் தட்டி, அது மூழ்குகிற அளவு தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால் வடிகட்டாமல் இதுவரை சாப்பிட்டதை நினைத்துச் சங்கடமாக இருக்கும். பிறகு பாகு கெட்டியாகும் வரை காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, ஆறின பாலில் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். இரண்டும் ஆறியிருக்க வேண்டும். பாகில் தண்ணீர் மிச்சமிருந்தால் அந்தத் தண்ணீர் அப்படியே ஐஸ் துகளாக வந்து நிற்கும்.

இன்னொன்று. கருப்பட்டி குல்பி சீனி குல்பியைவிடச் சீக்கிரம் இளகும். கருப்பட்டியில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் இருக்கிறது, அவை உறைநிலையைச் சாதாரணச் சீனியைவிட அதிகமாக இறக்கும். அதனால் சீனியின் எடைக்குக் கருப்பட்டி என்று அப்படியே மாற்றாதீர்கள். நான் இனிப்பில் மூன்றில் இரண்டு பங்கு கருப்பட்டி, ஒரு பங்கு சீனி என்று வைத்திருக்கிறேன். முழுக்கக் கருப்பட்டியில் செய்து வெயிலில் கொண்டுபோனபோது குச்சி மட்டும் கையில் நின்றது.

தேங்காய்ப்பாலில் செய்கிறவர்கள் கவனிக்க: பால் கொழுப்பு இல்லாமல் தாவரக் கொழுப்பில் செய்தது ஐஸ்கிரீம் ஆகாது, சட்டப்படி அது ஃப்ரோசன் டெசர்ட். ருசியில் குறைவில்லை, உறையில் எழுதுகிற பெயர் வேறு.

6. அச்சில் உறைய வையுங்கள்

விதி ஒன்றுதான். எவ்வளவு வேகமாக உறைகிறதோ அவ்வளவு வழுவழுப்பு. மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள் பெரிதாக வளர நேரம் கிடைக்கும்.

வீட்டு ஃப்ரீசரில் 60 மில்லி குச்சி உறைய எட்டுப் பத்து மணி நேரம்கூட ஆகும். மெஷினில் உப்புநீர்த் தொட்டி மைனஸ் 20-க்குக் கீழே ஓடும், அரை முக்கால் மணியில் முடிந்துவிடும். இடையில் ஒரு வழி உண்டு, தாத்தாவின் வழி: நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடைக் கணக்கில். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 20 பக்கம் வரைகூட இறங்கும், அதில் மூடிபோட்ட அலுமினிய அச்சுகளைப் புதைத்து அவ்வப்போது திருப்பிவிட்டால் ஒரு மணி நேரத்தை ஒட்டி உறைந்துவிடும். மெஷின் வாங்காமல் முதல் சீசனை நான் இப்படித்தான் ஓட்டினேன். இதில் வருகிற தப்பு ஒன்றே ஒன்று, மூடி சரியாக இறுகாமல் உப்புத் தண்ணீர் உள்ளே போவது. கரித்துப்போன ஒரு குச்சி ஒரு வாடிக்கையாளரை இழப்பதற்குச் சமம். மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் பழசானால் மாற்றிவிடுங்கள்.

அச்சை நிரப்பும்போது மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது விரியும். குச்சியை முதலிலேயே குத்தினால் சாய்ந்துவிடும், பாதி இறுகியதும் குத்துங்கள். எடுக்கும்போது அச்சைச் சாதாரணத் தண்ணீரில் சில நொடி முக்கினால் போதும். வெந்நீரில் முக்கினால் மேல் தோல் இளகி, திரும்ப உறையும்போது வெள்ளையாக ஐஸ் படர்ந்துவிடும்.

சேமியா ஐஸுக்கு சேமியாவைத் தனியாக வேகவைத்து, வடித்து, சீனிப் பாலில் ஊறவிட்டு, அச்சின் அடியில் முதலில் போட்டுவிட்டுப் பாலை ஊற்றுங்கள். அச்சின் அடிதான் குச்சியின் நுனி, முதல் கடியில் சேமியா வர வேண்டும். வடிக்காமல் போட்டால் நுனி கல்லாக இருக்கும். சேமியா ஐஸின் பால் இவ்வளவு சுண்டியதாக இருக்க வேண்டியதில்லை, அதனால் அதைக் குல்பி என்று எழுதவும் கூடாது.

7. முப்பது நாள் வைத்துப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. இருபது குச்சி செய்து, உறையில் போட்டு, முதல் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டு எழுதி வையுங்கள். ஐஸ் படர்கிறதா, மணல் தட்டுகிறதா, ஃப்ரிட்ஜ் வாடை ஏறுகிறதா. லேபிளில் எத்தனை நாள் என்று எழுதுவது இந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்த கடைக்காரர் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறாரே என்று நீங்களும் போடாதீர்கள்.

கூடவே மின்வெட்டுச் சோதனை. ஃப்ரீசர் சுவிட்சை மூன்று மணி நேரம் அணைத்து, மூடியைத் திறக்காமல், வெப்பமானி எங்கே போகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பராமரிப்பு என்றால் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் போகும். அந்த நாளை எப்படிச் சமாளிப்பது என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். நான் லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரைப் பாட்டில்களில் ஊற்றி ஃப்ரீசர் ஓரங்களில் அடுக்கி வைத்திருக்கிறேன். வெறும் தண்ணீர் ஐஸ் பூஜ்ஜியத்தில்தான் உருகும், குல்பி அதற்கு வெகு முன்னாடியே இளகிவிடும், அதனால் வெறும் ஐஸ் பாட்டிலால் பயன் குறைவு. உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்குவதால் குளிரைத் தேவையான இடத்தில் பிடித்து வைக்கும்.

இளகிய குச்சியைத் திரும்ப உறைய வைத்து விற்காதீர்கள். பார்த்தால் தெரியாது, கடித்தால் தெரியும். அதைவிட, இளகிக் கிடந்த நேரத்தில் என்ன பெருகியது என்பது கடித்தாலும் தெரியாது.

8. ஒரு குச்சியின் அடக்க விலை

பாலை லிட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். சீனியும் ஏலக்காயும் 8 ரூபாய். பாதியாகச் சுண்டவைக்க வணிக சிலிண்டர் கேஸ் சுமார் 6 ரூபாய் (வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது). 580 கிராம் கலவையில் 60 கிராம் வீதம் கணக்குப்படி ஒன்பதரை வரும், சட்டியில் ஒட்டுவதும் ருசி பார்ப்பதும் போக ஒன்பது என்று போடுங்கள். ஒன்பது மரக்குச்சிக்கும் உறைக்கும் 13 ரூபாய். மொத்தம் 87, குச்சிக்குப் பத்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இங்கேயே நிறுத்திவிட்டு "பத்து ரூபாய் அடக்கம், இருபதுக்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். கரண்ட், வண்டி, உடைந்தது, இளகியது, கடைக்காரர் எடுக்கிற பங்கு, எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் கூலி. ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்று கிண்டுகிற வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். வீட்டு ஆள்தானே என்று அம்மாவின் கூலியைப் பூஜ்ஜியமாகப் போட்ட கணக்கு, அம்மாவுக்கு முடியாமல் போகிற முதல் வாரத்திலேயே கவிழும். நான் எல்லாம் சேர்த்து 14 ரூபாய்க்குக் கீழே கொண்டுவர முடியாமல், 25 ரூபாய்க்கு விற்கிறேன்.

9. பதிவு, லேபிள், வரி

ருசியும் விலையும் நின்ற பிறகு, விற்பதற்கு முன்பு. வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இதற்கு மூவாயிரம் நாலாயிரம் கேட்கிற இடைத்தரகர்கள் உண்டு, புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று கையில் இருந்தால் அவர்கள் தேவையில்லை. வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் பாருங்கள். ஆய்வுக்கு வந்தால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும், வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்றும் கேட்கலாம், முன்னாடியே எடுத்து வையுங்கள்.

உறையில் வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில், பச்சைப் புள்ளி, நிகர அளவு, விலை, பேட்ச் எண், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் முகவரி, 14 இலக்கப் பதிவு எண், பால், முந்திரி போன்ற ஒவ்வாமைப் பொருள்களின் குறிப்பு. பேட்ச் எண்ணைச் சடங்காக நினைக்காதீர்கள். ஒருவர் போன் செய்து "வயிறு சரியில்லை" என்றால், அன்றைக்கு எந்தச் சட்டி, மிச்சம் எந்தக் கடையில் என்று தேடுவதற்கு உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வரியில் ஒரு குழி இருக்கிறது. பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டு ஐஸ்கிரீம்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஐஸ்கிரீமுக்கு அந்தச் சலுகை பொருந்தாது, 20 லட்சம்தான் வரம்பு. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்திலும் தயாரிப்பாளர் சேர முடியாது. ஆறுதலுக்கு, 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 15 லட்சத்தைத் தொடும்போதே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

10. இப்போது ஃப்ரீசர்

ஹார்டு டாப் (கெட்டி மூடி), கிளாஸ் டாப் (கண்ணாடி மூடி) என்று இரண்டு இருக்கிறது. கண்ணாடி மூடி கடையில் காட்டுவதற்கு. செய்கிற இடத்தில் ஹார்டு டாப் வாங்குங்கள், குளிர் நிற்கும். 200 லிட்டரில் அட்டைப்பெட்டிகளில் ஒழுங்காக அடுக்கினால் ஆயிரம் குச்சி வரை பிடிக்கும், முதல் சீசனுக்கு அது தாராளம். பழையது வாங்குவதென்றால் காலியாக ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு உள்ளே வெப்பமானி மைனஸ் 18-க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் தனியாக வாங்க வேண்டும். சர்வீஸ் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள், சித்திரை வெயிலில் கம்ப்ரஸர் போய் ஆள் அடுத்த ஊரிலிருந்து வர இரண்டு நாள் ஆனால் மொத்தச் சரக்கும் போச்சு.

புதிதாக உறைய வைப்பதையும், உறைந்து விற்பனைக்கு இருப்பதையும் ஒரே பெட்டியில் வைத்தால், இன்னும் உறையாத அச்சுகள் பக்கத்தில் இருப்பதை இளக்கிவிடும். ஒரே பெட்டிதான் என்றால் ஒரு தடவைக்கு மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புதியது வைக்காதீர்கள், அதையும் ராத்திரியில் வையுங்கள், அப்போது யாரும் மூடியைத் திறக்க மாட்டார்கள்.

பணம் போதவில்லையென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் சிறு உணவுத் தொழிலுக்கான மானியக் கடன் என்ன நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். கடன் எடுக்கப் போகும்போது கையில் 2, 7, 8-ஆம் படியின் நோட்டு இருந்தால் திட்ட அறிக்கை எழுத வேறு ஒன்றும் வேண்டாம்.

11. முதல் விற்பனை தெருவிலிருந்து, மண்டபத்திலிருந்து இல்லை

நன்றாக இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்துக்கு ஐநூறு குச்சி கேட்பார். முதல் ஆர்டராக அதை எடுக்காதீர்கள். ஐநூறை மண்டபம் வரை இளகாமல் கொண்டுபோவது வேறு வித்தை. பந்தி முடிகிற நேரத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, முகூர்த்தம் முடிந்து சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளினால் உங்கள் பெட்டியும் ஒரு மணி நேரம் தள்ளும். என் முதல் மண்டபத்தில் கடைசி நூறு பேருக்குக் குச்சியைக் கிண்ணத்தில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஐம்பது, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடத்துக்குள். பிறகு நூறு. ஒரே நேரத்தில், ஒரே தெருவில் போங்கள், ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு மணிச்சத்தம் கேட்டால் கதவு திறக்கிற பழக்கம் ஊருக்கு இருக்கிறது, வண்டி ஒரு நாள் வந்து ஒரு நாள் வராவிட்டால் அது போய்விடும். நிரந்தரமாக ஒரு இடத்தில் வண்டி போடுவதென்றால் உள்ளாட்சியில் சாலையோர வியாபாரிச் சான்று வாங்குங்கள்.

பெட்டிக்கடையில் வைப்பதென்றால் அவர் ராத்திரி ஃப்ரீசரை அணைக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். பலர் கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைக்கிறார்கள். நான் கண்டுபிடிக்கும் வழி: ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அவர் ஃப்ரீசரில் ஒரு மூலையில் விட்டுவருவேன். இரண்டு நாள் கழித்து நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால் அங்கே என் சரக்கு இல்லை.

12. எந்த மாதத்தில் எந்த வேலை

அளவு பிடிப்பதை ஐப்பசி கார்த்திகையில் தொடங்குங்கள், மழையில் யாரும் கேட்க மாட்டார்கள், நிதானமாகத் தப்பு செய்யலாம். மார்கழி முழுக்க முப்பது நாள் சோதனை. தையில் பதிவும் லேபிளும். மாசியில் ஃப்ரீசர், ஐம்பது குச்சி. பங்குனிக்குள் நூறு. சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் கோயில் கொடை இருக்கும், ஆனியில் நெல்லையப்பர் தேர். அந்தக் கூட்டத்துக்கு முதல் வருஷம் ஒரு பெட்டியோடு மட்டும் போங்கள், தீர்ந்தால் தீரட்டும்.

மறுபடி ஐப்பசி வந்ததும் விற்பனை பாதிக்கும் கீழே விழும். அப்போது ஃப்ரீசரைக் காலிசெய்து, பனிக்கட்டி முழுவதும் உருகவிட்டு, துடைத்து, உலர்ந்த பிறகு மூடிக்கு நடுவில் ஒரு கட்டையை வைத்துக் கொஞ்சம் திறந்தே போட்டு வையுங்கள். இறுக மூடிவைத்தால் தையில் திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும், அந்த வாடை முதல் நூறு குச்சிக்காவது போகாது.